மழைக்கு ஒதுங்குதல்

(வானொலி இலக்கிய உரைத்தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



படிப்பு வாசனை இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவன் மழைக்குத்தானும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன்" என்று சொல்வது எம்மவர் வழக்கம். ஏளனம் கலந்த பேச்சுத்தான். ஆசிரியனாக இருந்த காலத்தில் நானும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், சொல்லிவிட்டுச் சிரித்துமிருக்கிறேன். ஆனால் அந்தச் சொற்றொடருக்குள் இன்னொரு செய்தியும் இருப்பதை அண்மையிலேதான் கண்டுகொண்டேன். படிக்க வராதவன்கூட மழைக்கு வந்து ஒதுங்கலாம் என்பதை அது சொல்லாமற் சொல்கிறது. பள்ளிக்கூட விறாந்தை தெருவில் போகிறவர்களுக்கும் உரியது. அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் போதும், மழை.

இது எனக்குப் புலப்பட்டது ஒரு பள்ளிக்கூடத்தில் அல்ல. கொழும்பில் ஒரு பெரிய கடைத்தொகுதியின் வாசலில். எந்தக் கடைத்தொகுதி என்று சொல்லப்போவதில்லை. கொள்ளுப்பிட்டியில் 1980களில் லிபேட்டி பிளாசா, பம்பலப்பிட்டியில் 1990களில் மஜெஸ்ரிக் சிற்றி, காலிமுகத்தில் 2019இல் திறந்த புதிய மாளிகை என்று இந்த நகரத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துவிட்டன. நான் சொல்ல வந்தது எங்கும் நடக்கக்கூடியது.

2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. வெள்ளவத்தையில் மகளின் வீட்டில் இருக்கிறேன். தொடர்மாடியில் மூன்றாம் மாடி. காலையிலிருந்தே மழை. பல்கனியில் நின்றால் வழக்கமாகத் தெரிகிற கடல் அன்று இல்லை. இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறத் திரைதான் தொங்கியது. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, மூன்று நாள் உடுப்புகள் காயாமல் தொங்குகின்றன. அந்த உடுப்புகளுக்கு நடுவே என் பேரப்பிள்ளைகள் இருவரும் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை வந்து, சத்தம் அதிகம் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒழுங்கையில் வெள்ளம் நிற்பதால் ரியூசன் வகுப்பும் இல்லை. பதினொரு மணியளவில் மகள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "அப்பா, இதுகளை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்குத் தலை வெடிக்குது" என்றாள்.

எங்கே கூட்டிக்கொண்டு போவது? விகாரமாதேவி பூங்கா நனைந்துபோய்க் கிடக்கும். கடற்கரைக்குப் போகமுடியாது. எனக்குத் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றால், அவர்கள் வீட்டிலும் கொடியில் உடுப்புத் தொங்கும். ஆகவே கடைத்தொகுதி. அது பிள்ளைகளின் முடிவு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். மழை நாளில் ஆயிரக்கணக்கான கொழும்புக் குடும்பங்கள் எடுக்கிற முடிவையே நானும் எடுத்தேன். கடைத்தொகுதியைப் பற்றி இலக்கியக்காரர்கள் பேசத் தொடங்கினால் நுகர்வுக் கலாசாரம் என்று ஒரே மூச்சில் ஏசி முடித்துவிடுவார்கள். இரண்டு அறை வீட்டில் இரண்டு குழந்தைகளோடு மூன்று நாள் மழையைக் கழித்துப் பார்த்த எந்தத் தாயும் அப்படி ஏசமாட்டாள்.

முச்சக்கர வண்டியின் இருபுறமும் தொங்கவிட்ட பிளாஸ்ரிக் திரைக்குள், மடியில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாகப் போய் இறங்கினோம். வாசலில் ஓர் இளைஞன் எங்கள் குடையை வாங்கி, நீளமான பொலித்தீன் உறை ஒன்றுக்குள் செருகித் தந்தான். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழக்கூடாதாம். மழையை வாசலிலேயே ஒரு பையில் போட்டுக் கட்டிக் கையில் தந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போனால் வேறோர் உலகம். நடுப்பகல் போல வெளிச்சம். குளிர். ஏதோ ஒரு பாட்டு, யாரும் கேட்பதற்காக அல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. நகரும் படிக்கட்டின் முன்னே சின்னவன் முதலில் பயந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். ஒருமுறை ஏறியதும் பயம் பறந்துவிட்டது. பிறகு ஏறுவதும் இறங்குவதுமாக ஆறு முறை. நானும் கூடவே ஆறு முறை. மூன்றாம் மாடியில் குழந்தைகள் விளையாடும் பகுதி. அங்கே காசைக் கட்டி ஓர் அட்டை வாங்கவேண்டும். அந்த அட்டையைத் தொட்டால் குதிரை ஆடும், கார் குலுங்கும். அட்டையில் இருந்த காசு கரைந்த வேகத்தைப் பார்த்தபோது ஓய்வூதியக்காரனான எனக்குச் சற்றுக் கலக்கமாகத்தான் இருந்தது. எனினும் சின்னவன் அந்தக் குலுங்கும் காரிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் அது நேர்மையான கணக்காகாது.

பின்னர் சாப்பிடும் பகுதியில் உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்குப் பொரியல், எனக்கு ஒரு பற்றிஸும் பிளேன்ரீயும். அப்போதுதான் பெரியவள் கேட்டாள்: "அம்மப்பா, மழை விட்டிட்டுதோ?"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். சுவர் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் இன்னொரு கடை இருக்கிறது. வெளியைப் பார்க்கிற சன்னல் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஓசையும் இல்லை. பக்கத்துக் கடையில் நின்ற இளம்பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். காலை ஒன்பது மணிக்கு உள்ளே வந்தவளாம். வாடிக்கையாளரின் சப்பாத்தைப் பார்த்துத்தான் மழை பெய்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வாளாம். என் செருப்பைக் குனிந்து பார்த்து, "உங்கட காய்ஞ்சு போச்சு ஐயா, அதாலை சொல்ல ஏலாது" என்றாள்.

இந்தச் சன்னலில்லாமை தற்செயலானது அல்ல. அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

1903இல் வியன்னாவில் பிறந்த விக்ரர் குரூயன் என்ற கட்டடக் கலைஞர், நாசிகள் ஒஸ்ரியாவைக் கைப்பற்றிய 1938இல் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். மினசோற்றா மாநிலத்தில் எடைனா என்ற இடத்தில், 1956இல் சவுத்டேல் என்ற கடைத்தொகுதி அவருடைய வரைபடத்தின்படி திறக்கப்பட்டது. முழுவதும் கூரையிட்டு, வாயில்களை மூடி, உள்ளே ஒரே சீரான வெப்பநிலையை ஆண்டு முழுவதும் காத்துக்கொள்ளும் கடைத்தொகுதிகளுக்கு அதுவே முன்னோடி என்பார்கள். மினசோற்றாவின் மாரியில் உறைபனி, கோடையில் புழுக்கம். நல்ல காலநிலைக்காகக் காத்திருந்தால் வியாபாரம் நடக்காது. ஆகவே காலநிலையையே வெளியே நிறுத்திவிட்டார்.

ஆனால் குரூயனின் கனவு வியாபாரம் மட்டுமல்ல. தாம் இழந்துவந்த வியன்னாவின் சதுக்கங்களை, மக்கள் கூடி இருந்து கதைக்கிற தெருக்களை, மோட்டார் வாகனங்களில் தனித்தனியே வாழ்ந்த அமெரிக்கருக்குக் கொடுக்க விரும்பினார். சவுத்டேலின் நடுவே பெரிய முற்றம் ஒன்றை வைத்தார், மரங்கள் வைத்தார், கூண்டில் பறவைகளும் வைத்தார். சுற்றிவர வீடுகள், பாடசாலை, வைத்தியசாலை எல்லாம் வரவேண்டும் என்பது அவருடைய எண்ணம். வந்தது வாகனத் தரிப்பிடம்தான். அவருடைய கட்டடத்தைப் பிரதி செய்தவர்கள் கடைகளை எடுத்துக்கொண்டு சதுக்கத்தை விட்டுவிட்டார்கள். மனம் கசந்த குரூயன் வியன்னாவுக்கே திரும்பினார். தம் பெயரால் உலகமெங்கும் எழுந்த அந்தக் கட்டடங்களுக்குத் தாம் பொறுப்பில்லை என்று 1978இல் பகிரங்கமாகவே கைகழுவினார். 1980இல் காலமானார்.

அவருக்கு முன்னரே, நாசிகளிடமிருந்து தப்பியோடிய இன்னொருவர் இதே பொருளைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். வோல்ற்றர் பெஞ்சமின் என்ற பெயர் இந்த உரைத்தொடரைக் கேட்பவர்களுக்குப் புதிதாக இராது. பாரிஸ் நகரத்தில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்ணாடிக் கூரையிட்ட கடைத்தெருக்கள் பல எழுந்தன. சேறும் வண்டிகளும் நிறைந்த பாரிஸ் தெருக்களில், மழையில் நனையாமல் நடந்து கடை பார்க்க ஓர் இடம். இன்றைய கடைத்தொகுதிகளின் பாட்டன்மார் என்று அவற்றைச் சொல்லலாம். பெஞ்சமின் 1927இல் தொடங்கி இறக்கும்வரை அவற்றைப் பற்றிக் குறிப்புகள் சேர்த்தார். நூல் முடியவில்லை. 1940 செப்ரெம்பரில் ஸ்பானிய எல்லையில், மேலே போக வழி அடைபட்ட நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் குறிப்புகள் ஜேர்மன் மொழியில் பெருநூலாக வந்தது 1982இல்தான்.

எனக்கு நெருக்கமானது அவருடைய இன்னொரு சிறிய நூல். பேர்லினில் கழிந்த தம் பிள்ளைப் பருவத்தை நினைத்து எழுதியது. அதில் விலங்குக்காட்சிச் சாலையின் ஒதுக்குப்புறத்தில் இருந்த நீர்நாயைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அந்த நீர்நாய் எப்போதும் நீருக்கடியிலேயே இருக்கும். பிள்ளை காத்து நிற்கவேண்டும். ஒரு கணம் தலை காட்டிவிட்டு மறைந்துவிடும். அந்த நீர்நாயோடு சேர்த்து மழையையும் அவர் நினைவுகூர்கிறார். மழை பிள்ளையைத் தன்னுள் ஒளித்து வைத்துக்கொள்ளும் ஒன்றாக அங்கே வருகிறது. கூரையிட்ட தெருக்களை ஆராய்ந்த மனிதர், தம் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பும்போது மழையில் நின்று ஒரு பிராணிக்காகக் காத்திருந்ததையும் எழுதிவைத்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

காத்திருத்தல் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு முல்லை நினைவுக்கு வரும். முல்லைக்குப் பெரும்பொழுது கார்காலம், உரிப்பொருள் இருத்தல். 103 அடிகளே கொண்ட முல்லைப்பாட்டு மேகம் எழுந்து பெய்வதோடு தொடங்கி, ஒருத்தி பொறுத்திருப்பதைச் சொல்கிறது. அந்த மாலையில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே போய், யாராவது பேசும் நல்ல சொல் காதில் விழாதா என்று நிற்கிறார்கள். மழையையும் பொறுத்திருத்தலையும் காதுகொடுத்தலையும் ஒரே முடிச்சாகப் போட்டுவைத்தார்கள் எங்கள் முன்னோர். கடைத்தொகுதியிலே மழையும் இல்லை. ஆகவே காத்திருக்கவும் எதுவுமில்லை. "மழை விட்டிட்டுதோ?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாத ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இவ்வளவையும் நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். இவையெல்லாம் பிறகு யோசித்தவை. அன்று நான் யோசித்தது முச்சக்கர வண்டி கிடைக்குமா என்பதைத்தான்.

பார்ப்போம் என்று பிள்ளைகளோடு கீழே இறங்கி வாசலுக்கு வந்தோம். மழை விடவில்லை. முன்னையிலும் பலமாகப் பெய்தது. வாசலுக்கு மேலே அகலமான கூரை நீட்டிக்கொண்டிருந்தது. வாகனங்கள் வந்து நின்று ஆட்களை இறக்குவதற்காகக் கட்டியது. அதன் ஓரத்தில் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள். அவள் கையில் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் ஊதுபத்திக் கட்டுகள். சந்தியில் வாகனங்கள் நிற்கும்போது விற்பவர்கள். மூத்த பிள்ளைக்கு என் பேத்தியின் வயதிருக்கும். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. அவர்கள் ஒன்றும் விற்கவில்லை, எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். அவ்வளவுதான்.

காவலாளி வந்தார். என்னைப்போல வயதானவர்தான். முதலில் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் மழையைக் காட்டினாள். அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். அங்கே கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் நின்றார். பிறகு காவலாளியின் குரல் மாறியது. "யன்ன, யன்ன" என்று கையை வீசினார். அவர்கள் போனார்கள். ஓடவில்லை, எவ்வளவு ஓடினாலும் நனையத்தான் போகிறோம் என்று தெரிந்தவர்களின் நடை அது. கண் முன்னே மழைக்குள் மறைந்துவிட்டார்கள்.

அந்தக் கூரையின் கீழே இன்னும் இருபது பேருக்கு இடமிருந்தது. நான் அங்கே நின்றேன். என் கையில் பொலித்தீன் உறை போட்ட குடை இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். எங்களுடைய தலைமுறைக்குச் சீருடையைக் கண்டால் வாய் தானாகவே அடைத்துக்கொள்ளும். போர்க்காலத்தில் இதே போன்ற வாசல்களில் பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, பெயரையும் பிறந்த ஊரையும் வாசிக்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். ஆனால் போர் 2009இல் முடிந்தது. அந்தக் காவலாளியிடம் துப்பாக்கி இல்லை. அவருடைய சப்பாத்தும் நனைந்துதான் இருந்தது. ஆகவே அதைச் சாட்டாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சின்னவன் என் கையை இழுத்தான். "அம்மப்பா, அவையள் ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

"அவைக்கு நேரமில்லைப் போல" என்றேன்.

பெரியவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பொய் பொய்யென்று தெரியும். அது எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதும் தெரியும். முச்சக்கர வண்டியில் திரும்பி வரும்போது அவள் பிளாஸ்ரிக் திரையை ஒரு பக்கம் விலக்கி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நனையப்போகிறாய் என்று நான் சொல்லவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த வீட்டின் வாசல் நினைவுக்கு வந்தது. அங்கே சங்கடப்படலை இருந்தது. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: வீட்டின் தெருவாசற் படலைக்கு மேலே தனியாக ஒரு சிறு கூரை போட்டிருப்பார்கள். அந்தக் கூரையின் கீழ் இருக்கத் திண்ணை. சில இடங்களில் குடிக்கத் தண்ணீர்ப் பானையும் இருக்கும். அந்தக் கூரை வீட்டுக்காரருக்கு ஒரு பயனும் தராது. தெருவில் போகிறவருக்கு வெயிலோ மழையோ வந்தால் ஒதுங்குவதற்காகவே அது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறுகள் இல்லை. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றைத்தான் ஆறு என்று பெயருக்குச் சொல்லிக்கொள்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கி நின்றால்தான் கிணற்றில் நல்ல தண்ணீர். ஆகவே மழை பெய்தால் எங்கள் வீட்டில் எவரும் அதை ஏசியதில்லை. தாழ்வாரத்துப் பீலியால் விழும் தண்ணீரைக் கிடாரத்தில் பிடிப்போம். மழை விட்டதும் அப்பா கிணற்றடிக்குக் கூட்டிப்போய், தண்ணீர் எத்தனையாவது கல்லுக்கு வந்திருக்கிறது என்று எண்ணச் சொல்வார். அதுவரையும் சங்கடப்படலையின் கீழ் யாரோ ஒருவர் சைக்கிளோடு நின்றுகொண்டிருப்பார். பெரும்பாலும் அவரை எங்களுக்குத் தெரியாது.

ஆனால் நினைவுக்கு இனிப்பூட்டுவது எளிது. அந்தத் திண்ணையில் எல்லோரும் இருந்தார்களா? இல்லை. சிலர் மழையிலும் தெருவிலேயே நின்றதை நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். அவர்களை வா என்று அழைத்தவரை நான் கண்டதில்லை. பொது இடங்களில் சாதியைக் காட்டி ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் வந்தது. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னும், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் மறித்து நிறுத்தப்பட்டார்கள். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் 1972இல் வந்தபோது, எங்கள் படலைகளுக்கு வெளியே நின்றவர்களின் குரலை அது எங்களுக்குக் கேட்க வைத்தது. கொழும்புக் கடைத்தொகுதி எவரிடமும் சாதி கேட்பதில்லை. அது பெரிய விடயம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அது உடுப்பைப் பார்க்கிறது, சட்டைப்பையைப் பார்க்கிறது. கூரைக்குக் கீழே யார் நிற்கலாம் என்ற கணக்கு இரண்டு இடத்திலும் இருந்தது. கணக்குப் பார்த்த முறைதான் வேறு.

கொழும்பிலும் ஒரு காலத்தில் இந்தக் கணக்கில்லாத கூரைகள் இருந்தன. கோட்டையில் யோர்க் வீதிப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பார்கள். 1906இல் முடிக்கப்பட்ட சிவப்பு நிறக் கார்கில்ஸ் கட்டடத்தின் கீழே, நடைபாதையை மூடித் தூண்களும் வளைவுகளும் இருக்கின்றன. கட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள், உள்ளே வாங்கியவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆனாலும் அந்தத் தூண்களுக்கு நடுவே இருப்பது தெரு. கடைக்குள் போகாதவனும் மழைக்கு அங்கே நிற்கலாம். இன்றைய கட்டடங்கள் தெருவை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டன.

டிசெம்பர் விடுமுறையில் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரவு பஸ். அங்கேயும் மழைதான், அது மாரிகாலம். வீடு இப்போது எங்களுடையதல்ல, சங்கடப்படலையும் இல்லை. பிள்ளைகளுக்குக் காட்ட வேறொன்று இருந்தது. பருத்தித்துறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம்.

அங்கே தெருமூடி மடம் என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் அதன் விளக்கமும். தெருவின் குறுக்கே, தெருவையே மூடிக் கூரை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கற்றூண்களும் திண்ணைகளும். நடுவால் தெரு போகிறது. நடந்து வந்தவர்களும் சுமை தூக்கி வந்தவர்களும் இருந்து இளைப்பாறிப் போவதற்காகக் கட்டியது. கதவு கிடையாது. கதவு போட்டால் தெருவை அடைத்ததாகிவிடும்.

நாங்கள் போய்ச் சேரவும் மழை பிடித்துக்கொண்டது. திண்ணையில் ஏறி இருந்தோம். எங்களுக்கு முன்பே அங்கே ஒரு மீன்காரர் பெட்டியோடு இருந்தார். பாடசாலைப் பையன்கள் இருவர் சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு நின்றார்கள். ஒரு தாயாடும் குட்டியும் மழைக்கு வந்து எதிர்த்திண்ணையில் ஏறின. அவற்றையும் எவரும் துரத்தவில்லை. கூரையின் இரண்டு பக்கமும் தண்ணீர் திரையாக விழுந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டு ஒரு பக்கத்தால் வந்து, மறுபக்கத்தால் போகாமல் நடுவிலேயே நின்றுவிட்டது. ஓட்டிவந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றி உதறிவிட்டு, "நல்லாப் பிடிச்சிட்டுது" என்றார், பொதுவாக எல்லோருக்கும். மீன்காரர் வானத்தைப் பார்த்து, அரை மணித்தியாலத்தில் வெளிக்கும் என்றார்.

சின்னவன் திண்ணையிலிருந்து இறங்கி, ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனான். கடைசித் தூணிலிருந்து திரும்பி வந்து என் முன்னே நின்றான்.

"அம்மப்பா, இதிலை என்ன விக்கினம்?"

"ஒண்டும் விக்கிறேல்லை அப்பன்."

"அப்ப என்னத்துக்குக் கட்டினவை?"

"மழைக்குத்தான்."

அவன் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மீன்காரரைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். பெரியவள் அப்போது ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "அண்டைக்கு நிண்ட அந்தப் பிள்ளையள் இஞ்சை வந்தா, இருக்க விடுவினமோ?"

விடுவார்கள் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் முழு உறுதியோடு இருக்கவில்லை; அவளும் அதைக் கவனித்திருப்பாள். சற்று நகர்ந்து, தனக்கும் எனக்கும் நடுவே திண்ணையில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மீன்காரர் சொன்ன அரை மணித்தியாலம் முக்கால் மணித்தியாலமாயிற்று. மழை விடுகிற ஓசை எல்லோருக்கும் ஒன்றாகவே கேட்டது. முதலில் ஆடுகள் இறங்கிப் போயின.